குட்டி கால் இறுகிப் படுத்தால் டானிக் மட்டும் போதாது

வெள்ளகோவில் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் கொரங்காடு, அதாவது மேய்ச்சல் காடு, இருக்கிறது. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம். அப்புச்சி (அம்மாவின் அப்பா) காலத்திலிருந்து மேச்சேரி செம்மறிதான் வளர்க்கிறோம். அவர் இருந்தவரை பட்டிக்கு வைட்டமின் பாட்டில் என்று ஒன்று வந்ததே இல்லை, குட்டிகளுக்குக் கால் வளைந்ததும் இல்லை. நான் பொறுப்பெடுத்த பிறகு நாய்த் தொல்லை அதிகமாகி, ஒரே இரவில் ஒன்பது ஆடுகளைக் கடித்துப் போட்டதைப் பார்த்த அன்றைக்குத்தான் முடிவு செய்தேன், இனி மேய்ச்சல் வேண்டாம், பரண் (தரைக்கு மேலே தூக்கி அடித்த பலகைத் தளம்) அடித்துக் கொட்டிலிலேயே வளர்த்துவிடலாம் என்று. அந்த முடிவில் தப்பில்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் காட்டில் ஆடு தானாகவே எடுத்துக்கொண்டிருந்த இரண்டு விஷயங்களை, வெயிலையும் பச்சையையும், கொட்டிலுக்குள் நான் கொடுக்கவே இல்லை. அது எனக்குப் புரிவதற்குள் ஏழு குட்டிகள் போய்விட்டன. புதிதாகப் பரண் போடுகிறவர்களுக்கு உதவும் என்றுதான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

முதல் ஈற்று கார்த்திகையில் வந்தது. 40 தாய் ஆடுகளில் 30-க்கு மேல் அடுத்தடுத்து ஈன்றன. குட்டிகள் இரண்டு, இரண்டேகால் கிலோ, நல்ல துறுதுறுப்பு. சாரல் அடிக்கிறது என்று நாலு பக்கமும் தார்ப்பாய் கட்டிவிட்டேன், உள்ளே பகலிலும் லைட் போட வேண்டிய அளவுக்கு இருட்டு. நாலைந்து வாரம் கழிந்திருக்கும், ஒரு நாள் காலையில் தாய்களைத் திறந்துவிட்டதும் குட்டிகள் பால் குடிக்க ஓடின, அதில் ஒரு பெட்டைக் குட்டி மட்டும் நாலடி ஓடி அப்படியே நின்றுவிட்டது. முதுகைக் கூனிக்கொண்டு, பின்னங்கால் இரண்டையும் கட்டை மாதிரி நீட்டி வைத்து நிற்கிறது. கொஞ்ச நேரத்தில் படுத்துவிட்டது. தூக்கி நிறுத்தினால் நடுங்குகிறது. ஆனால் கண்ணில் ஒரு சோர்வும் இல்லை, மடிக்குப் பக்கத்தில் பிடித்தால் ஆசையாகக் குடிக்கிறது. சப்பையைத் தொட்டுப் பார்த்தேன், சதை மெத்தென்று இல்லாமல் இறுகி, லேசாக வீங்கின மாதிரி இருந்தது.

வழக்கம்போல மருந்துக் கடைக்குப் போய் நிலைமையைச் சொன்னேன். கால்சியம் டானிக் ஒன்று, பி-காம்ப்ளெக்ஸ் ஒன்று கொடுத்தார்கள். மூன்று நாள் ஊற்றினேன். அதற்குள் இன்னும் நாலு குட்டிகள் அதே மாதிரி ஆகிவிட்டன. மூன்றாம் நாள் சாயந்திரம், வெளியே நோய் எதுவும் தெரியாத, கொட்டிலிலேயே கொழுகொழு என்று இருந்த ஒரு கிடாக்குட்டி தாய் மடியில் முட்டி முட்டிக் குடித்துக்கொண்டிருந்தது, அப்படியே சரிந்து விழுந்து இரண்டு நிமிஷத்தில் செத்துப்போனது. அதைப் பார்த்த பிறகுதான் பயம் வந்து கால்நடை டாக்டரைக் கூப்பிட்டேன்.

அவர் வந்ததும் உயிரோடு இருந்த குட்டிகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, செத்த குட்டியை அறுத்துப் பார்க்கலாமா என்று கேட்டார். வேப்ப மரத்தடியில் சாக்கை விரித்து அறுத்தார். பின் தொடையின் தோலை உரித்ததும் எனக்கே தெரிந்துவிட்டது, ஏதோ சரியில்லை என்று. இளங்குட்டியின் கறி இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும், இங்கே வெள்ளை வெள்ளையாக வரி ஓடியிருந்தது, வேகவைத்த கோழிக்கறியின் நிறம். கத்தி நுனியால் ஒரு வரியை வருடிக் காட்டினார், சுண்ணாம்பு படிந்த மாதிரி நறநற என்றது. இன்னொரு தொடையைப் பிரித்தார், அச்சு அசலாக அதே இடத்தில் அதே வரி. நெஞ்சைத் திறந்தால் இதயத்தின் சுவரிலும் வெளுத்த திட்டு. அதனால்தான் அந்தக் கொழுத்த குட்டி மடியிலேயே சாய்ந்தது.

"ஏனுங்க, இந்தத் தாய் ஆடுங்களுக்குக் கடைசியா எப்பப் பச்சை போட்டீங்க?" என்றுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

யோசித்துப் பார்த்தேன். சினையாக இருந்த ஐந்து மாதமும் சோளத்தட்டுதான். அதுவும் முந்தின வருஷத்துத் தட்டு, வெளுத்துப் போனது. கூடவே புண்ணாக்கும் தவிடும். புண்ணாக்கு மலிவாகக் கிடைத்தது என்று மூட்டை மூட்டையாக வாங்கி வைத்து, கடைசி மூட்டைகள் சிக்கு வாடை அடிக்க ஆரம்பித்திருந்தன. தவிடு, எண்ணெய் எடுக்காத அரிசித் தவிடு, அது அரைத்த சில நாளிலேயே காறிப்போகும் சரக்கு.

டாக்டர் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரியே சொல்கிறேன். சதையின் ஒவ்வொரு உயிரணுவுக்கும் (செல்லுக்கும்) மேலே மெல்லிய கொழுப்புச் சவ்வு இருக்கிறது. சதை வேலை செய்யச் செய்ய உள்ளே உண்டாகும் கழிவு அந்தச் சவ்வைக் காறவைக்கப் பார்க்கும். வைட்டமின் ஈ அந்தச் சவ்விலேயே உட்கார்ந்துகொண்டு அதைத் தடுக்கும். செலினியம் என்ற தாது, அந்தக் கழிவை உடைத்துப்போடும் நொதிக்குள் இருக்கிறது. ஒன்று கொஞ்சம் குறைந்தால் இன்னொன்று ஓரளவு சமாளிக்கும், இரண்டும் குறைந்தால் சதை வெந்துபோன மாதிரி ஆகிவிடும். எந்தச் சதை அதிகம் உழைக்கிறதோ அதுதான் முதலில் போகும், பின்னந்தொடை, தோள், இதயம். அதனால்தான் ஓடின குட்டி நின்றது. வெண்தசை நோய் என்று இதற்குப் பெயர்.

வைட்டமின் ஈ எங்கே இருக்கிறது? பச்சை இலையில். புல்லை வெட்டி வெயிலில் காயப்போட்டால் அதில் பெரும்பகுதி போய்விடும், வைக்க வைக்க இன்னும் குறையும். காறின எண்ணெய்ச் சத்து உள்ளே போனால் இருக்கிற கொஞ்சத்தையும் தின்றுவிடும். நான் மூன்றையும் ஒன்றாகச் செய்திருக்கிறேன்: பழைய தட்டு, சிக்கு வாடைப் புண்ணாக்கு, காறின தவிடு.

இன்னொன்றும் சொன்னார், இதுதான் என் மனதில் ஆழமாக நின்றது. செலினியம் கருவில் இருக்கும்போதே தாயிடமிருந்து குட்டிக்குப் போகும். வைட்டமின் ஈ அப்படி அதிகம் போகாது, சீம்பாலில்தான் போகும். தாய்க்கே இல்லையென்றால் சீம்பாலில் எங்கிருந்து வரும்? குட்டிக்கு ஐந்தாவது வாரம் வந்த வினை, தாயின் வயிற்றில் இருந்தபோதே நான் விதைத்தது.

அன்றைக்கே படுத்திருந்த குட்டிகளுக்கும், நல்லா இருந்த மற்றவற்றுக்கும் வைட்டமின் ஈ-செலினியம் கலந்த ஊசி போட்டார். ஒவ்வொன்றையும் தராசில் தொங்கவிட்டு எடை பார்த்து, அந்த எடைக்கு எத்தனை மில்லி என்று கணக்குப் போட்டுத்தான் போட்டார். தொடையில் போட வேண்டாம், கழுத்துச் சதையில்தான் போட வேண்டும் என்றும் காட்டிக் கொடுத்தார், ஏனென்றால் சின்னக் குட்டியின் தொடையில் ஊசி தவறிப் பெரிய நரம்பில் பட்டால் அதுவே காலை முடக்கிவிடும். மூன்றாம் நாள் காலை, முதலில் படுத்த அந்தப் பெட்டைக் குட்டி பரணின் பலகைச் சுவரில் தோளைச் சாய்த்துக்கொண்டு தானாக எழுந்து நின்றது. பின்னங்கால் இரண்டும் அகல வைத்து, ஆடிக்கொண்டே, ஒரு அடி வைத்து நின்று, மறு அடி வைத்து நின்று, தாயிடம் போய்ச் சேர்ந்தது. ஐந்து நாளில் மூன்று குட்டிகள் தேறின. இரண்டு தேறவில்லை, சதை அதிகமாகச் செத்திருந்தது, ஒன்றுக்குச் சளியும் சேர்ந்துகொண்டது.

மூன்றாம் நாள் எழாத குட்டிகளுக்கு நானே இன்னொரு ஊசி போட்டுவிடலாமா என்று போனில் கேட்டேன். சத்தம் போட்டுத் தடுத்துவிட்டார். செலினியம் தேவையான அளவுக்கும் விஷமாகிற அளவுக்கும் இடைவெளி ரொம்பக் குறைவு. வைட்டமின் ஊசிதானே, கூடப் போட்டால் கூட நல்லது என்ற நினைப்பு இங்கே உயிரை எடுத்துவிடும். மாட்டுக்குப் போடுகிற அளவைப் பார்த்து உத்தேசமாக ஆட்டுக்குட்டிக்குப் போடுகிற வேலையே வேண்டாம்.

சதைக் கதை இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். அடுத்தது எலும்பில் வந்தது.

தேறின கிடாக்குட்டிகளையும் வெளியிலிருந்து வாங்கின சிலவற்றையும் சேர்த்து, மூன்று மாதத்தில் பால் மறக்கடித்து, பக்ரீத்துக்குத் தேற்றலாம் என்று தனி அறையில் அடைத்தேன். அசையாமல் இருந்தால் சீக்கிரம் சதை போடும் என்று யாரோ சொன்னதை நம்பி, வெளியே விடவே இல்லை. தீனியில் பாதிக்கு மேல் தவிடும் மக்காச்சோளமும். ஒன்றரை மாதம் எடை நன்றாக ஏறியது. அப்புறம் ஒன்று முன்னங்கால் முட்டியை ஊன்றாமல் நொண்ட ஆரம்பித்தது. முட்டி இரண்டு பக்கமும் உருண்டையாகப் பருத்திருந்தது, ஆனால் சூடு இல்லை. இன்னொன்றுக்கு முன்னங்கால் வில் மாதிரி வெளிப்பக்கம் வளைந்துவிட்டது. விலாவில் கையை ஓட்டினால் எலும்பு முனைகள் மணி கோத்த மாதிரி வரிசையாகத் தட்டுப்பட்டன.

இந்த முறையும் முதலில் தப்புதான் செய்தேன். எலும்புக்கு வைட்டமின் டி வேண்டும் என்று தெரியும், மீன் எண்ணெயில் அது இருக்கிறது என்றும் தெரியும், அதனால் பாட்டில் வாங்கித் தினமும் ஊற்றினேன். டாக்டர் பாட்டிலைப் பார்த்துவிட்டு உடனே நிறுத்தச் சொன்னார். மீன் எண்ணெயின் கொழுப்பு சீக்கிரம் காறுகிற வகை, அது உடம்பில் இருக்கும் வைட்டமின் ஈ-யைச் செலவழித்துவிடும், எலும்பைச் சரிபண்ணப் போய்த் தொடைச் சதையை மறுபடியும் கெடுத்துவிடுவீர்கள் என்றார். தவிர வைட்டமின் ஏ-யும் டி-யும் உடம்பில் தேங்குகிறவை. டி அளவு மீறினால் சுண்ணாம்பு எலும்பில் போய்ச் சேராமல் ரத்தக் குழாயிலும் சிறுநீரகத்திலும் படியும். ஒரு சத்தைக் கூட்டினால் இன்னொன்று குறையும் என்பது அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை.

எலும்பு வளர மூன்று வேண்டும்: கால்சியம், பாஸ்பரஸ், இரண்டையும் குடலிலிருந்து இழுத்து உடம்பில் சேர்க்க வைட்டமின் டி. இந்த டி-யை ஆடு தன் தோலில் தானே செய்துகொள்ளும், வெயில் பட்டால் போதும். மேச்சேரி ஆட்டுக்குக் கம்பளி கிடையாது, குட்டை முடிதான், அதனால் நம் ஊர் வெயிலுக்கு இந்தக் குறையே வரக்கூடாது. தகரக் கூரைக்கும் தார்ப்பாய்க்கும் நடுவில் மாதக்கணக்கில் அடைத்தால் வரும். காலை ஏழு மணி இளவெயிலில் விட்டால் போதும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இதமாக இருக்கும், சரி, ஆனால் டி-யை உண்டாக்குகிற கதிர் அந்த நேரத்தில் ரொம்பக் குறைவு. வெயில் ஏறின பிறகு, பத்து மணிக்கு மேல்தான் அது நன்றாகக் கிடைக்கும்.

தவிட்டின் கதை வேறு. அதில் பாஸ்பரஸ் எக்கச்சக்கம், கால்சியம் சொற்பம். தீனியில் கால்சியம் பாஸ்பரஸைப்போல இரண்டு மடங்காவது இருக்க வேண்டும் என்பது கணக்கு. நான் தலைகீழாகக் கொடுத்திருக்கிறேன். எலும்பு பலவீனமானது மட்டுமில்லை, அந்த அறையிலேயே ஒரு கிடா மூத்திரம் போக முடியாமல் முக்கி முக்கி, வாலை ஆட்டிக்கொண்டு நின்றது. கல் அடைத்துவிட்டது. அதைக் காப்பாற்ற முடியவில்லை. அதற்கும் காரணம் இதே தவிடுதான்.

மாற்றினது இவ்வளவுதான். தவிட்டைக் குறைத்தேன், அடர்தீவனம் (தவிடு, புண்ணாக்கு, தானியம் கலந்த தீனி) 100 கிலோவுக்கு ஒரு கிலோ சுண்ணாம்புக்கல் தூளும், செம்மறிக்கென்றே விற்கிற தாது உப்புக் கலவை 2 கிலோவும், உப்பு ஒரு கிலோவும் சேர்த்தேன். கடலைக்கொடியும் வேலிமசால் என்ற தீவனப் பயிரும் தினமும், இரண்டிலும் கால்சியம் நிறைய. டி3 ஊசி டாக்டர் கையால் ஒரே ஒரு தடவை. கிழக்குப் பக்கம் கம்பி வேலி போட்டு ஒரு திறந்தவெளி முற்றம், அதில் பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை குட்டிகள். லேசாக வளைந்திருந்த கால்கள் இரண்டு மூன்று மாதத்தில் நிமிர்ந்தன. ரொம்ப வளைந்த ஒன்று அப்படியே நின்றுவிட்டது, வளர்கிற எலும்பு இறுகின பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

மாட்டுக்கு வாங்கின தாது உப்பையே ஆட்டுக்கும் அள்ளிப் போடுகிற பழக்கம் எங்கள் பக்கம் உண்டு. செம்மறிக்குத் தாமிரம் கூடினால் ஆகாது, ஈரலில் சேர்ந்துகொண்டே போய் ஒரு நாள் மொத்தமாக விஷமாகிவிடும், வெள்ளாட்டைவிடச் செம்மறிக்கு இது சீக்கிரம் வரும். பன்றி, கோழித் தீவனமும் அதனால்தான் ஆகாது. அதே சமயம் சினை ஆட்டுக்குத் தாமிரம் ரொம்பக் குறைந்தாலும், குட்டி பிறந்ததிலிருந்தே பின்பக்கம் தள்ளாடும். அது நரம்புக் கோளாறு, ஈ-செலினியம் ஊசிக்குக் கேட்காது.

அதனால்தான் கால் பிரச்சினை என்றவுடன் பாட்டிலைத் தேடக்கூடாது என்கிறேன். முட்டி சூடாக வீங்கி, காய்ச்சலும் இருந்தால் தொப்புள் வழியாகப் போன கிருமியாக இருக்கலாம், அதற்கு வேண்டியது வேறு மருந்து. உடம்பே விறைத்து, வாயைத் திறக்க முடியாமல், சத்தத்துக்குத் துள்ளினால் ரணஜன்னி (டெட்டனஸ்), காது குத்தினது அல்லது காயடித்தது சமீபத்தில் நடந்திருக்கிறதா என்று யோசியுங்கள். சதை இறுகி, புத்தி தெளிவாக, பாலும் குடித்தால் வெண்தசை நோய் என்று சந்தேகப்படலாம். ரத்தப் பரிசோதனையில் தசை சிதைந்திருப்பது தெரிந்துவிடும். ஐந்தும் பார்வைக்குக் கால் நொண்டலாகத்தான் தெரியும்.

அதற்கு அடுத்த வருஷம் ஒன்று செய்து பார்த்தேன். தாய்களுக்கு ஒழுங்காகப் பச்சை போட்டு, குட்டிகளையும் வெயிலில் விட்டு வளர்த்த ஈற்று அது. அதில் பாதிக் குட்டிகளுக்கு மட்டும் வாராவாரம் ஏ, டி, ஈ சேர்ந்த டானிக் கொடுத்தேன், மற்ற பாதிக்கு எதுவும் இல்லை. வாராவாரம் எடை எழுதினேன். மூன்று மாதத்தில் இரண்டு கூட்டத்துக்கும் கால் கிலோகூட வித்தியாசம் வரவில்லை. இருபது சொச்சம் குட்டிகளை வைத்துப் பெரிதாக ஒன்றும் சொல்லிவிட முடியாது, ஆனாலும் என் பட்டியைப் பொறுத்தவரை எனக்கு அது போதுமானதாக இருந்தது. குறை இருந்தால் அந்த ஊசி மூன்று நாளில் குட்டியை எழுப்புகிறது, என் கண்ணால் பார்த்தேன். குறை இல்லாத குட்டிக்கு டானிக் ஊற்றினால் கூடுதலாகச் சதையோ எலும்போ வந்துவிடாது. பி வைட்டமின்களைச் செரிமானப் பைக்குள் இருக்கும் நுண்ணுயிர்களே செய்துகொடுக்கின்றன, தழை கடிக்க ஆரம்பிக்காத சின்னக் குட்டிக்கு அதுவும் பாலில் வந்துவிடும். வைட்டமின் சி ஆட்டின் உடம்பிலேயே உண்டாகிறது. ஆக நாம் கவலைப்பட வேண்டியது பெரும்பாலும் ஏ, டி, ஈ மூன்றுதான், அதில் இரண்டு பச்சைத் தழையிலும் ஒன்று வெயிலிலும் இருக்கிறது.

இப்போது சினையின் கடைசி ஆறு வாரத்தைத்தான் நான் ரொம்பக் கவனிக்கிறேன். குட்டியின் வளர்ச்சியில் முக்கால்வாசி அந்தச் சமயத்தில்தான். ஒவ்வொரு தாய்க்கும் தினமும் ஒரு கிலோவுக்குக் குறையாமல் பச்சைத் தழை, அகத்தி, முருங்கை, வேலிமசால் எது கிடைக்கிறதோ அது, கூடவே இருநூறு இருநூற்றைம்பது கிராம் அடர்தீவனம். சவுண்டல் (சூபாபுல்) தழை இருந்தால் மொத்தத் தழையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போடுவதில்லை, அதிகமானால் முடி கொட்டும். வரப்பில் நாற்பது அகத்தி நட்டதும் கிணற்று மேட்டில் வேலிமசால் விதைத்ததும்தான் இந்த வகையில் நான் செய்த நல்ல செலவு. புண்ணாக்கு பதினைந்து நாளைக்கு மேல் இருப்பு வைப்பதில்லை, மூட்டையைப் பிரித்ததும் மூக்குக்குப் பக்கத்தில் வைத்து மோந்துதான் பார்ப்பேன். குட்டி விழுந்ததும் முதல் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால், முதல் நாளுக்குள் அதன் எடையில் பத்தில் ஒரு பங்கு உள்ளே போயிருக்க வேண்டும், இரண்டு கிலோக் குட்டிக்கு இருநூறு மில்லி. மழைக்காலத்தில் தார்ப்பாய் கட்டினாலும், மழை விட்ட நேரத்தில் தூக்கிக் கட்டிவிடுவேன்.

கடைசியாக ஒன்று. இப்போது உங்கள் பட்டியில் ஒரு குட்டி அப்படிப் படுத்திருந்தால், டாக்டர் வருகிறவரை அதை நடக்க வைத்துப் பார்க்காதீர்கள், துரத்தாதீர்கள், கெட்ட சதைக்கு ஓட்டம் ஆகாது, இதயத்தில் பட்டிருந்தால் அங்கேயே விழுந்துவிடும். அண்ணாந்து பிடித்து வாயில் பாலை ஊற்றவும் வேண்டாம், விழுங்கும் சதையும் தளர்ந்திருந்தால் நுரையீரலுக்குப் போய்விடும். காய்ந்த சாக்கில் நெஞ்சு கீழே இருக்கும்படி படுக்க வைத்து, இரண்டு மணிக்கு ஒருதரம் பக்கம் மாற்றுங்கள். பசிக்கிற நேரத்துக்கு வயிற்றடியில் கை கொடுத்துத் தூக்கி, தாயின் மடிக்குக் கொண்டுபோய், தானாகக் கவ்விக் குடிக்கிறவரை பிடித்துக்கொண்டே இருங்கள்.